நல்ல உடம்புக்காரர்களின் முதுகு

எங்கள் பரிசோதனையின்படி, ஜாவாவின் சோலோ நகரத்தில் நல்ல ஞாபகத்தோடு நடமாடும் கிழவர் கிழவிகள் எல்லோருக்கும் அல்சைமர் வரப்போகிறது. ஏற்கெனவே அல்சைமர் வந்து, பெற்ற பிள்ளையையே "தம்பி யாரு?" என்று கேட்பவர்கள்தான் அப்பழுக்கில்லாத ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் இயந்திரம் இப்படித்தான் துப்பியது. நான் கழுவித் துடைத்து மறுபடியும் ஓட்டினேன். அதற்கு வெட்கமே இல்லை. அதையே திரும்பவும் துப்பியது.

ஒருவருக்கு வீட்டுக்குப் போகும் வழி மறந்துபோன பிறகு நோயைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரரே போதும். அதற்குப் பல வருடம் முன்னாலேயே ரத்தத்தில் ஏதாவது அடையாளம் தெரியுமா என்று தேடுவதுதான் எங்கள் வேலை. ரத்தத்தில் தட்டணுக்கள் என்று இருக்கின்றன. எங்காவது காயம் பட்டால் ஓடிப்போய் அடைத்துக்கொள்ளும். மற்ற நேரத்தில் தூங்கும். அல்சைமர் தொடங்கிவிட்டவர்களின் உடம்பில் அவை காரணமே இல்லாமல் விழித்துத் திரிகின்றன என்பது எங்கள் பேராசிரியரின் கணிப்பு. விழித்த தட்டணுவின் மேல் ஒரு புரதம் தலை நீட்டும். அதில் ஒட்டுகிற சாயத்தைக் கலந்து இயந்திரத்தில் விட்டால், தூங்குவது எத்தனை, விழித்திருப்பது எத்தனை என்று அது எண்ணிச் சொல்லும்.

நோயாளிகள் ஒரு கூட்டம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர்கள் ஒரு கூட்டம். நோயாளிகளின் தட்டணுக்கள் ஏதோ பாதித் தூக்கத்தில் புரண்டுகொண்டிருந்தன. நல்ல உடம்புக்காரர்களுடையவையோ, விடிய விடிய நிழல் பொம்மலாட்டம் பார்க்கும் ஊர் ஜனம்போல ஒன்றுகூடக் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தன.

ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர் டாக்டர் எந்தாங் என்ற பெண்மணி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். சோலோவில் யாரும் யாரையும் திட்டமாட்டார்கள், டீ கொடுப்பார்கள். அதில் போட்டிருந்த சர்க்கரையின் அளவிலேயே விஷயம் எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வினார்த்தி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்ல டாக்டர்."

"ராத்திரி தூக்கமெல்லாம் நல்லா வருதா?"

"வருது. விஷயம் என்னன்னு சொல்லுங்க."

அவர் முகத்தில் வலி தெரிந்தது. நான் தெகால்காரி. கடலோர ஊர். அங்கே நாங்கள் பாசமாகப் பேசினாலே சோலோக்காரர்கள் சண்டை என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

"இல்லம்மா, ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை இன்னும் கொஞ்சம் மெதுவா வச்சு எடுக்கலாமோன்னு புரொஃபசர் நினைக்கிறார். தட்டணு பூ மாதிரி இல்லையா? குலுங்கினாலே முழிச்சுக்கும்."

"நான் குலுக்கல."

"குலுக்கினேன்னு யாரும்மா சொன்னா? ஆனா நீ நடக்கறதே கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"தெகால் நடைதானேம்மா."

நான் டீயைக் கீழே வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். அதற்கும் அவர் திடுக்கிட்டார்.

கடைசியில் தேனில் தொட்டுத் தொட்டு விஷயத்தைச் சொன்னார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் காரணம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இந்த வேலையைப் பேராசிரியரின் நண்பர் மகன் பார்த்துக்கொள்வார். நான் "ஊருக்குப் போய் நல்லா ஓய்வு எடுத்துக்கலாம்". சோலோ மொழியிலிருந்து இதைப் பெயர்த்தால்: ஆராய்ச்சி இடம் போச்சு, உதவித்தொகை போச்சு, மூட்டையைக் கட்டு.

எங்கள் வம்சத்தில் எனக்கு முன்னால் யாரும் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் ஜகார்த்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். பொரித்த தெம்பே என்கிற சோயா வில்லைகள் அடுக்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே என் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. எண்ணெய்ப் புகையில் என் முகம் மஞ்சளாகிவிட்டது. சாப்பிட வருகிறவர்களிடம் எல்லாம் "எம் பொண்ணு மூளை டாக்டர்" என்கிறார் அம்மா. டாக்டர் இல்லை, தட்டணு எண்ணுகிறவள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். நண்பர் மகனுக்கு என்ன படம் எங்கே தொங்குகிறதோ தெரியாது. என் இடம் அவனுக்குப் போகாது என்று மட்டும் முடிவுசெய்துகொண்டேன்.

முதலில் என் கையையே குத்தி ரத்தம் எடுத்தேன். அதே குழாய், அதே மாடிப்படி, அதே தெகால் நடை. வேண்டுமென்றே கொஞ்சம் தடதடவென்று நடந்தேன். என் தட்டணுக்கள் கைக்குழந்தைபோலத் தூங்கின.

டாக்டர் எந்தாங் அதைப் பார்த்துத் தலையாட்டினார். "சந்தோஷம்மா. ஆனா நீ சின்னப் பொண்ணு. வயசான ஆளா இருக்கணும், ஞாபகம் நல்லா இருக்கணும், நம்ம கண் முன்னாடி ரத்தம் குடுக்கணும். அப்படி யாராவது..."

"நான் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் பேராசிரியர் சுமர்வோத்தோ. ஓய்வு பெற வேண்டிய வயது தாண்டியும் நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர். தினமும் நீச்சல் அடிப்பவர். அடிப்பதைவிட அதிகமாக அதைப் பற்றிப் பேசுபவர். சட்டைக் கையை மடித்து மேசையில் வைத்தார். "எடு. நல்ல உடம்புன்னா என்னன்னு உங்க மிஷின் இன்னிக்குக் கத்துக்கட்டும்."

இயந்திரம் கற்றுக்கொண்டது. இதுவரை வந்த நல்ல உடம்புகளிலேயே பேராசிரியரின் தட்டணுக்கள்தான் படுமோசம். ஒன்றுகூடத் தூங்கவில்லை.

டாக்டர் எந்தாங் திரையையே பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"அவர்கிட்ட சொல்லிடாதே."

"ஏன் சொல்லக்கூடாது?"

"பாவம்டி. போன வாரம் மூக்குக்கண்ணாடியைத் தலை மேல வச்சுக்கிட்டே தேடினார்."

"எங்கப்பாவும் தேடுவாரு. அவருக்கு முப்பது வயசுலருந்து அப்படித்தான்."

டாக்டர் எந்தாங் கேட்கவில்லை. அன்றிலிருந்து பேராசிரியரைக் கண்ணாடிப் பாத்திரம்போல நடத்த ஆரம்பித்தார். அவர் அறைக் கதவில் அவர் பெயரையே பெரிய எழுத்தில் ஒட்டினார். டிரைவரிடம் சொல்லிக் கார் சாவியை ஒளித்துவைத்தார். காலையில் வணக்கம் சொன்ன கையோடு, "இன்னிக்கு என்ன கிழமை ஐயா?" என்று ஆசையாகக் கேட்டார்.

புதன்கிழமை மத்தியானம் பேராசிரியர் என் மேசைக்கு வந்து குனிந்து கிசுகிசுத்தார். "வினார்த்தி, நீ எந்தாங்கைக் கவனிச்சியா?"

"என்ன ஐயா?"

"தினமும் என்கிட்ட வந்து என்ன கிழமைன்னு கேக்கறா. ரெண்டு நாளா. என் ரூம் எதுன்னு மறந்துபோய்க் கதவுல பேர் எழுதி ஒட்டிவச்சிருக்கா. இந்தச் சின்ன வயசுல, பாவம்." அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "ஏதாவது சாக்குச் சொல்லி அவ ரத்தத்தை எடுத்துப் பாரேன். அவகிட்ட சொல்லாதே."

நான் போய், "டாக்டர், ஒப்பிட இன்னொரு ஆள் வேணும்" என்றேன். கையை நீட்டினார். எடுத்தேன். ஓட்டினேன்.

அதுவும் முழித்திருந்தது.

ஆக, என் இயந்திரத்தின் கணக்குப்படி இந்த ஆய்வுக்கூடத்தில் மூளை மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான். அந்த வாரம் முழுக்க எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இதைக் கூட்டத்தில் சொன்னால் இடம் தங்காது. பேராசிரியர் பொறுப்பாளருக்காகப் பயந்து பழம் வாங்கிக் கொடுக்கிறார், பொறுப்பாளர் பேராசிரியருக்காகப் பயந்து பழத்தை உரித்துக் கொடுக்கிறார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது.

வியாழக்கிழமை காலை நல்ல உடம்புக்காரர்களையே நேரில் பார்க்கப் போனேன். எங்கள் நல்லவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம்: மைதானத்தில் உடற்பயிற்சி செய்யும் முதியோர் சங்கம். தலைவர் பாக் குன்சோரோ, அதாவது குன்சோரோ ஐயா, ஒரு காலத்தில் தபால் நிலையத்தைக் கட்டி ஆண்டவர். இப்போது விசில் வைத்து இவர்களை ஆள்கிறார்.

"வாங்க டாக்டரம்மா! பாருங்க எங்க பசங்களை. மறதியா, நாங்களா? லஸ்த்ரி, குனி!"

இபு லஸ்த்ரி, அதாவது லஸ்த்ரி அம்மாள், குனிந்து கால் விரலைத் தொட்டார். டி-சட்டை மேலே ஏறியது. இடுப்புக்கு மேலே தெரிந்த முதுகு முழுக்கச் செக்கச்செவேல் என்று கோடுகள்.

"ஐயோ! யாரும்மா அடிச்சது?"

"அடியா? என்ன அடி?" நிமிர்ந்து சிரித்தார். "எம் புருஷன் காசு போட்டுச் சுரண்டினாரு, கண்ணு. காத்து பூந்துக்கிச்சு."

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கெரோக்கான்! தைலம் தடவி, தடித்த காசால் முதுகைச் சிவக்கச் சிவக்கச் சுரண்டினால் உள்ளே புகுந்த காற்று வெளியேறிவிடும் என்று ஜாவா முழுக்கச் செய்வதுதான். தோலுக்குக் கீழே நுண்ணிய ரத்தக் குழாய்கள் வரிவரியாக உடையும். உடைந்த இடத்தை அடைக்கத் தட்டணுக்கள் படையோடு எழுந்து ஓடும். தூக்கமாவது ஒன்றாவது!

"எப்போ சுரண்டினாரு?"

"நேத்து கொஞ்சம். ஆனா உங்ககிட்ட ரத்தம் குடுக்க வர்றதுக்கு மொத நாள் பண்ணினதுதான் ஜோர்!"

"அதுக்கு ஏன்மா சுரண்டணும்?"

பாக் குன்சோரோ விசிலை வாயிலிருந்து எடுத்தார். நான் பைத்தியம் என்று அவர் கண்ணில் தெரிந்தது. "என்னம்மா கேக்கறீங்க? 'நல்ல உடம்புக்காரங்க வாங்க'ன்னு பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து மரியாதையாக் கூப்பிட்டிருக்கீங்க. உடம்பு பூரா காத்தை வச்சுக்கிட்டு வர முடியுமா? நாங்க என்ன மரியாதை தெரியாதவங்களா? சங்கத்துலயே சொல்லிட்டேன், எல்லாரும் சுரண்டிக்கிட்டுச் சுத்தமா வரணும்னு."

"எல்லாருமா?"

"சந்தேகமா? திரும்புங்கப்பா!"

மைதானத்தில் இருந்த அத்தனை நல்ல உடம்புக்காரர்களும் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார்கள். புலிக் கூட்டம்போல இருந்தது. எங்கள் வீட்டிலும் சுரண்டுவோம், காய்ச்சல் வந்தால். ஆஸ்பத்திரிக்கு மரியாதை செய்யச் சுரண்டிக்கொள்வது சோலோக்காரர்களால் மட்டுமே முடியும்.

ஒரு நோயாளியின் மகளுக்குப் போன் செய்தேன். "அக்கா, அப்பாவுக்குக் கெரோக்கான் பண்றதுண்டா?"

"அவருக்கா? நீ வேற! காசை எடுத்துக்கிட்டுக் கிட்ட போனாலே கடிக்க வர்றாரு. ரெண்டு வருஷமா ஒருத்தரும் அந்த முதுகைத் தொடல."

எல்லாம் பொருந்தியது. பொருந்தாமல் நின்றவை ஆய்வுக்கூடத்தின் இரண்டு முதுகுகள்தான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் பூப்போட்ட பாத்திக் சட்டையில் இருந்தார்கள். ஆளுக்கொரு பலகாரப் பெட்டி. நண்பர் மகனும் வந்திருந்தான். வந்ததும் பெட்டியைத் திறந்து தின்ன ஆரம்பித்துவிட்டான். நான் எழுந்து முதியோர் சங்கத்தின் முதுகுகளைப் பற்றிச் சொன்னேன்.

பேராசிரியர் மேசையைத் தட்டினார். "கெரோக்கானா? பத்திரிகையில எத்தனை கட்டுரை எழுதியிருக்கேன் தெரியுமா, அது மூடத்தனம்னு? படிச்சவங்க நாலு பேர் உக்காந்திருக்கிற இடத்துல முதுகு சுரண்டற கதை பேசறே! சும்மா தோலைச் சுரண்டினா உடம்பு பூரா தட்டணு முழிச்சுக்குமா?"

"முழிச்சிருக்கே ஐயா."

"அதுக்கு வேற காரணம் இருக்கும். சுரண்டாதவங்க யாருக்காவது இப்படி வந்திருக்கா, பாத்தியா?"

மேசைக்கடியில் டாக்டர் எந்தாங் என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார். சோலோப் பெண் என்று சொல்ல முடியாது.

"வந்திருக்கு" என்றேன். "உங்களுக்கு."

நண்பர் மகன் மெல்லுவதை நிறுத்தினான்.

"எனக்கா?"

"இருக்கறதுலயே மோசம் உங்களோடதுதான். இப்போ ரெண்டே வழி ஐயா. நீங்க சுரண்டியிருந்தா அது ஒரு காரணம். சுரண்டலேன்னா, நாம இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருக்கோமே, அந்தக் காரணம். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டர் எந்தாங்கைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அதுக்குத்தான் தினமும் கிழமை கேட்டியா?"

"மன்னிச்சுக்குங்க ஐயா..."

"நான் மறதி உனக்குன்னு நினைச்சுக்கிட்டுப் பழமெல்லாம் வாங்கிக் குடுத்தேன்!"

"எனக்கா? எனக்கு என்ன?"

"உங்களோடதும் முழிச்சிருக்கு டாக்டர்" என்றேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூடத்தனத்துக்கு எதிராக வாழ்நாளெல்லாம் எழுதியவர் எழுந்து நின்றார். பாத்திக் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். திரும்பினார். கழுத்திலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்பின் இருபுறமும் மீன் முள்போலச் சாய்ந்து இறங்கும் சிவப்புக் கோடுகள். அளவுகோல் வைத்து வரைந்ததுபோல ஒன்றுகூடப் பிசகவில்லை.

"ஆஹா, என்ன கை!" என்றார் டாக்டர் எந்தாங், தன்னை மறந்து. "யாரு போட்டது?"

"என் சம்சாரம்" என்றார் பேராசிரியர் சுவரைப் பார்த்தபடி. "நீச்சல் முடிஞ்சா காத்து பூந்துக்குது."

"எனக்கு என் தங்கச்சி. இவ்வளவு நேரா வராது. எப்பவும் இடது பக்கம் கோணிக்கும்."

பேராசிரியர் சட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பேராசிரியர் ஆனார். "இதுனால ஒண்ணும் நிரூபணம் ஆயிடலை. சுரண்டினதும் நிஜமா இருக்கலாம், நோயும் நிஜமா இருக்கலாம். ரெண்டு வாரம் காசு படாத முதுகோட மறுபடி ரத்தம் எடுக்கணும். நான் குடுக்கறேன். அப்பவும் முழிச்சிருந்தா..." அவர் நண்பர் மகனின் பக்கம் திரும்பினார். "அதுவரைக்கும் இந்தப் பொண்ணு இருக்கட்டும்."

அதுவரைக்கும். அதற்குப் பிறகு என் இடம் அந்த முதுகை நம்பித் தொங்கியது.

ரெண்டு வாரத் தடையைச் சொல்லப் போனபோது முதியோர் சங்கத்தில் கலகமே நடந்தது. "ரெண்டு வாரம் காத்தோட இருக்கணுமா? அதுக்கு மறதியே வரட்டும்!" என்று பாதிப் பேர் விலகினார்கள். மீதிப் பேருக்காக பாக் குன்சோரோ பேரம் பேசினார்: "கழுத்து மட்டும்? சரி, தோள்பட்டை மட்டும்? ஒரே ஒரு கோடும்மா!" முடியவே முடியாது என்றேன். அவர் விசிலை அடித்து என்னை வெளியேற்றினார்.

பேராசிரியரோ வாடிப்போனார். நீச்சலை நிறுத்தினார். ஜாவா வெயிலில் கம்பளிச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு வந்தார். மின்விசிறியைக் கண்டால் எதிரியைக் கண்டதுபோல ஒதுங்கினார். வயிறு உப்புசம், கழுத்து பிடிப்பு, ஏப்பமே வரவில்லை என்று வழியில் கண்டவரிடம் எல்லாம் சொன்னார். மூடத்தனத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கெடு முடிந்த காலையில் மனைவியோடு வந்தார். இபு சுமர்வோத்தோ கதவுக்கு வெளியே தைலப் புட்டியும் கையில் காசுமாக, ஓட்டப் பந்தயத்துக்கு நிற்பதுபோல நின்றார். உள்ளே பேராசிரியர் கையை நீட்டினார். விரல்கள் சில்லென்றிருந்தன. ஊசி போகும்போது மெல்லச் சொன்னார்:

"வினார்த்தி, முழிச்சிருந்தா சுத்தி வளைக்காம சொல்லிடு. இங்க அப்படிச் சொல்லத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

குழாயை எடுத்துக்கொண்டு போனேன். எப்படி நடந்தேன் என்று ஞாபகமில்லை. சாயம் கலந்தேன், காத்திருந்தேன், ஓட்டினேன். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாம் இடது மூலையில், தூங்குகிறவை விழும் மூலையில், ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன.

திரும்பி வந்தேன். "தூங்குது ஐயா. குறட்டை விட்டுத் தூங்குது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம். டாக்டர் எந்தாங் ஓர் ஓரமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். பிறகு பேராசிரியர் பொத்தானில் கை வைத்துக் கத்தினார்: "அடியே, உள்ள வா!"

நான் கதவின் குறுக்கே நின்றேன்.

"இருங்க. குழாய் சரியில்லேன்னா இன்னொரு தரம் எடுக்கணும். நான் சொல்ற வரைக்கும் முதுகுல காசு படக்கூடாது."

"தூங்குதுன்னு சொன்னியே!"

"தூங்குது. என் இடம் என்ன ஆச்சு?"

"அட, அது இப்பவா? அப்புறம் உக்காந்து நிதானமா..."

"இப்பவே சொல்லுங்க ஐயா. சுத்தி வளைக்காம."

கதவிடுக்கு வழியாக இபு சுமர்வோத்தோவின் குரல் வந்தது. "அந்தப் பொண்ணு கேக்கறதைக் குடுத்துத் தொலைங்களேன்! எவ்வளவு நேரம் நிக்கறது? தைலம் ஒழுகுது!"

"உனக்குத்தான், உனக்குத்தான்! படிப்பு முடியற வரைக்கும் உனக்குத்தான். எந்தாங், நீ சாட்சி. அவனை வரவேண்டாம்னு நானே சொல்லிடறேன். வழியை விடும்மா!"

வழியை விட்டேன். கதவு சாத்திக்கொண்டது.

தாழ்வாரத்தில், விலகாமல் மிஞ்சிய நல்ல உடம்புக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் எடுக்குமுன் ஒவ்வொரு முதுகையும் பார்த்துக் கோடு இல்லை என்று உறுதி செய்வது இப்போது என் வேலை. எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரி முதுகு பார்க்கிறாள். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. மூளை டாக்டராகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

உள்ளே காசு உரசும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஓர் ஏப்பம். ரெண்டு வாரத்துக்கும் சேர்த்து, நீளமாக, பேராசிரியர் பதவிக்குரிய கம்பீரத்தோடு வந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஏக்கத்தோடு கதவைப் பார்த்தார்கள்.

"அங்க என்ன பார்வை?" என்றேன். "அடுத்தவங்க வாங்க. சட்டையைத் தூக்குங்க."